ஐஸ் வைக்காத சாம்பிள்

நேற்று முற்பகல், கசார்வாடி ஐஸ் ஃபாக்டரிக்கு எதிரே என் ஆட்டோ நின்றுவிட்டது. மெட்ரோ தூணை ஒட்டி ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அப்போது அந்த வாடை வந்தது. ஆட்டோக்காரர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, "காகா, நாக் தாபா" என்றார். மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறார். நான் பொத்தவில்லை. கண் எரிந்து நீர் வந்தது. ஊசி போல ஏறும் அந்த அம்மோனியா வாடையை இருபத்தெட்டு வருடம் உன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முகர்ந்தவன் நான். வாடைக்குப் பின்னாலேயே உன் சிரிப்பும் வந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். "உன் லெட்டர்ல மேட்டரு நாலாவது பக்கத்துலதான்பா வரும்" என்று கேலி செய்வாயே, இந்த முறை முதல் பக்கத்திலேயே வைத்துக்கொள். கோபப்படத் தெரியாதவன் என்று ஆய்வகம் முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு. நீ வைத்த பெயரோ இன்னும் மோசம்: டர்போக். இந்தியில் பயந்தாங்கொள்ளி. மராட்டிக்காரர், கன்னடக்காரர், பியூன் வரை எல்லோரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த எழுபத்து நான்காவது வயதில்தான் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. யார் மேல் காட்டுவது என்று பார்த்தால் நீ இல்லை.

நேற்று உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். வஹினியிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. உன் மனைவியை நாம் எல்லோரும் மராட்டி வழக்கப்படி வஹினி என்றுதானே கூப்பிட்டோம். அண்ணி என்று சொல்லியிருந்தால் அவருக்கே விசித்திரமாக இருந்திருக்கும். நீ போய் ஒரு வருடமும் ஆறு நாளும் ஆகின்றன. உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னது நான்தான், அதனால்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் தாமதமானது என்பதை அந்த ஒரு வருடமும் ஆறு நாளும் நான் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லவில்லை. பத்தாம் நாள் காரியத்தில் சொல்லவில்லை. போன வாரம் வருஷத் திதிக்கு வந்து, இலையில் உட்கார்ந்து, பாயசம்கூடக் குடித்துவிட்டுச் சொல்லாமல் திரும்பினேன். பையில் போன வருட டைரியும் அந்த ரிப்போர்ட்டின் நகலும் இருந்தன. ஆட்டோவில் அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், ஒரு காலத்தில் உன் ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைப் பிடித்திருந்தது போல.

அந்தக் கோடை உனக்கு நினைவிருக்கும். ஆய்வகத்தின் ஐஸ் இயந்திரம் கெட்டுப்போய், ரிப்பேருக்கு அனுமதி வரவில்லை. நீ இந்த ஐஸ் ஃபாக்டரியிலிருந்து ஐஸ் வாங்கி வரலாம் என்றாய். தினம் காலையில் தெர்மோகோல் பெட்டியோடு நான் பின்னால். ஆய்வகம் சேர்வதற்குள் என் பேண்ட் முழுக்க நனைந்திருக்கும். "டர்போக், பயத்துல போய்ட்டியா?" என்று வாசலில் நின்று கத்துவாய்.

எலிக்குட்டிகளின் மூளையிலிருந்து பிரித்து வளர்த்த செல்கள் நம்முடையவை. நட்சத்திர வடிவம். நரம்புச் செல்களைச் சுற்றி நின்று அவற்றைப் பராமரிப்பவை. ரத்தத்தில் வரும் அம்மோனியாவைப் பிடித்து வேறொரு பொருளாக மாற்றித் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும். அது சேரச் சேரத் தண்ணீரை உள்ளே இழுக்கும், செல் வீங்கும். கண்ணாடித் தட்டில் வீங்கினால் பரவ இடம் இருக்கிறது. மண்டை ஓட்டுக்குள் இடம் ஏது? நம் வேலை அந்த வீக்கத்தையும், கூடவே செல்லுக்குள் அமிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையும் அளப்பது. ஒரு சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, அது ஒளிர்வதை வைத்துக் கணக்கிடுவோம். அம்மோனியாவை ஊற்றினால் முதலில் அமிலம் சட்டென்று குறையும். பிறகு மெல்ல ஏறும். அம்மோனியாவைக் கழுவி எடுத்துவிட்டாலோ அமிலம் முதலில் இருந்ததைவிடவும் ஏறி நன்றாகப் புளித்துவிடும். ஒவ்வொரு முறையும் வரைபடம் அந்த இடத்துக்கு வரும்போது நீ மேசையைத் தட்டுவாய். "பாத்தியா? வரச்சொல்ல நல்லவனாட்டம் வரான். போவச்சொல்ல புளிப்ப நம்ம தலையில கட்டிட்டுப் போறான்."

அந்தக் கோடையில் மூன்று நாள் தொடர்ந்து, அம்மோனியா சேர்க்காத ட்யூப்களிலும் அம்மோனியா காட்டியது. நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பிப்பெட் விடும் நீரை எடை போட்டு அதன் அளவு சரியா என்று பார்த்தேன். எல்லாக் கரைசலையும் புதிதாகக் கலக்கினேன். தூக்கம் போயிற்று. நான்காம் நாள் நீ ஒரு ஐஸ் கட்டியை எடுத்து மூக்கருகே வைத்தாய். ஃபாக்டரியில் ஐஸை உறைய வைப்பதே அம்மோனியாதான். எங்கோ ஒரு குழாய் கசிந்திருக்கிறது. "அமோனியாவுல நனஞ்ச ஐஸ வெச்சிக்கினு அமோனியா அளந்துனு கீறோம்பா, ரெண்டு முட்டாளுங்க!" என்று சிரித்தாய். சிரித்து முடித்ததும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், உன் பெரிய எழுத்தில், விதிகள் எழுதினாய். முதல் விதி: சாம்பிள் நல்ல ஐஸில் வரவில்லையென்றால் சாம்பிளே இல்லை.

அதற்கு நியாயம் இருந்தது. உடம்பைவிட்டு வெளியே வந்த ரத்தம் சூட்டில் கிடந்தால் அதுவே அம்மோனியாவை உண்டாக்கும்; நோயாளிக்கு இல்லாத அம்மோனியா ட்யூபில் இருக்கும். நோயாளிகளின் ரத்தமும் நமக்குச் சோதனைக்கு வரும். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து சட்டைப் பையில் ட்யூபைப் போட்டுக்கொண்டு ஆள் வந்தான். நீ வாங்கினாய், தொட்டுப் பார்த்தாய், அவன் கண்ணெதிரே குப்பையில் போட்டாய். அவனை அனுப்பிய பெரிய டாக்டர் நேரில் வந்து கத்தினார். நீ நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "சட்டைப் பையில் வந்த ரத்தத்தின் நம்பரைச் சட்டையிடம் கேளுங்கள் சாப்" என்று இந்தியில் சொன்னாய். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு உன்னைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அதுதான் நான் செய்த தவறு. ஒரு நல்ல விதியை எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டேன்.

ஒரு துளி குடித்தறியாத உனக்கு ஈரல் கெட்டது. சர்க்கரை, கொழுப்பு, கட்கியில் ஆயுதத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்திலிருந்து விடாத வடாபாவ். ஈரல் சுருங்கி இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நீ எனக்கு ஃபோன் செய்தாய். குரலில் ஒரு குதூகலம். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"நம்ம சப்ஜெக்டேதான்பா! ஈரல் வேல செய்லன்னா அமோனியா நேரா மண்டைக்குப் போவும். ஒரு சிரப்பு குடுத்துகிறாரு. தேன் மாதிரி இருக்குது. குடல புளிக்க வெச்சிடும். புளிச்ச எடத்துல அமோனியா மாட்டிக்கும், ரத்தத்துக்கு ஏற முடியாது, கீழ போய்டும். இன்னா அழகு பாரு!"

அழகைப் புரிந்துகொண்டவன் அதைக் குடித்திருக்க வேண்டாமா? செல் எப்படி வீங்கும் என்று இருபத்தெட்டு வருடம் பார்த்த இந்தியாவின் ஒரு சில பேரில் ஒருவன், தன் மண்டைக்குள் இருப்பதும் அதே செல்தான் என்று ஒரு நாளாவது நினைத்திருக்க வேண்டாமா?

வியாழக்கிழமைகளில் நீ கசார்வாடியிலிருந்து பஸ் பிடித்து, நான் இருக்கும் கேம்புக்கு வருவாய். நம் இரானி ஹோட்டலில் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா, இரண்டு சாய். போன வருட நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பென்ஷனுக்கு உயிரோடு இருக்கும் சான்று கொடுக்க வங்கிக்குப் போய்விட்டு வந்தோம். உன் கையெழுத்தை மூன்று முறை போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று விதம். ஹோட்டலில் சாயைச் சாஸரில் ஊற்றிவிட்டு, காலிக் கோப்பையை வாயில் வைத்துக் குடித்தாய். வெயிட்டரைக் கூப்பிட்டு எதற்குக் கூப்பிட்டோம் என்று மறந்தாய். பக்கத்தில் குனிந்தபோது உன் மூச்சில் ஒரு இனிப்பு வாடை. போக எழுந்து கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினாயே, அப்போது மணிக்கட்டு இரண்டு முறை தானாகத் துவண்டு நிமிர்ந்தது.

எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டுக்குப் போய் டைரியில் எழுதினேன். நேற்று ஆட்டோவில் அதை மறுபடி படித்தேன். "கையெழுத்து மாறுபட்டது. சொற்கள் தடுமாற்றம். மூச்சில் இனிப்பு வாடை. வலது மணிக்கட்டு துவள்கிறது (இரு முறை)." அம்மோனியா மண்டைக்கு ஏறியதன் அறிகுறிகள் என்று ஒரு மருத்துவ மாணவன் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போடலாம். அடைப்புக்குறிக்குள் எண்ணிக்கைகூட எழுதியிருக்கிறேன். உன்னிடம் ஏன் கேட்கவில்லை? ஒரே காரணம். நீ சிரிப்பாய். "டர்போக் டாக்டராயிட்டான்பா" என்று அந்த ஹோட்டல் முழுக்கக் கேட்கச் சொல்வாய். ஒரு சிரிப்புக்குப் பயந்து நான் உன் மணிக்கட்டை டைரிக்குள் மூடி வைத்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை பிற்பகல் வஹினி ஃபோன் செய்தார். காலையில் ஒருவன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போயிருக்கிறான், ரிப்போர்ட் வந்துவிட்டது.

"பாவுஜி, அமோனியான்னு போட்டு ரெண்டு அம்புக்குறி மேல காட்டுது. உங்க ரெண்டு பேரு சப்ஜெக்டு தானே? இவரு காலையிலேர்ந்து ஒருமாதிரியா கீறாரு. பாத்ரூமுன்னு நெனச்சு பால்கனி கதவத் தொறக்குறாரு. ஆஸ்பிடல் கூட்டினு போய்டவா?"

உன் அம்மாவிடம் கற்றுக்கொண்ட வேலூர்த் தமிழ்; நான் கொழுந்தன் முறை என்பதால் பாவுஜி மட்டும் மராட்டி. பயந்தால் மட்டும் அதில் மராட்டி இழுவை வரும். அன்று வந்தது. நான் கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றியது அல்ல.

"ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போனானா வஹினி?"

"ஐஸா? பைக்ல பையில போட்டான். இன்னும் நாலு வீடு கீதுன்னு போனான்."

நான் மிகத் தெளிவாக விளக்கினேன். வெயிலில் நாலு வீடு சுற்றிய ரத்தத்தில் அந்த எண் உயரத்தான் செய்யும், அதை ஏற்க முடியாது, திங்கட்கிழமை நானே ஐஸ் பெட்டியோடு வருகிறேன், சரியாக எடுத்து மறு பரிசோதனை செய்துகொண்டு பிறகு முடிவு செய்யலாம் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் பேசியதில்லை. பின்னாலிருந்து உன் குரல் கேட்டது. குழறல். ஆனால் சிரிப்பு.

"ஐஸ் இல்லியா? குப்பையில போடு. டர்போக் சொல்றது கரெக்டு."

வாழ்நாள் முழுக்க நீ என்னைக் கரெக்ட் என்று சொன்னது அந்த ஒரு முறைதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு மதியம் உன்னை எழுப்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பெண், திருநெல்வேலிப் பக்கம், நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினாள். நான் ஐஸ் கதையை அவளிடமும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "நீங்க சொல்றது சரிதான் சார். ஐஸ் இல்லன்னா நம்பர் கூடத்தான் செய்யும். ஆனா பால்கனியை பாத்ரூம்னு நெனச்சாருல்லா, அதுக்கு எதுக்கு சார் ஐஸ்?" என்றாள். குரலில் கடுமை இல்லை. உண்மையாகவே கேட்டாள். நாங்கள் எண்ணைப் பார்த்து வைத்தியம் பண்ணுவதில்லை, ஆளைப் பார்த்துத்தான் என்றாள். முந்தின நாளே வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். சொல்ல முடியாது, ஆனால் வந்திருக்கலாம் என்றாள். இடையில் ஒருநாள் கண் திறந்து வஹினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். பிறகு நுரையீரலில் சளி கட்டி, பத்தாம் நாள் போய்விட்டாய்.

நேற்று வஹினி கதவைத் திறந்து, "வாங்க" என்று மட்டும் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சாய் வரும், சாய் வந்தால் ஊர்ப்பேச்சு வரும், நான் திரும்பிவிடுவேன். நின்றுகொண்டே டைரியைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமைப் பக்கம். அப்புறம் சனிக்கிழமைப் பக்கம்: "வஹினி ஃபோன். அம்மோனியா உயர்வு. ஐஸ் இல்லை. ஏற்கத்தக்கதல்ல. திங்கள் மறு சோதனை."

"நான் சொல்லலேன்னா நீங்க அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பீங்க வஹினி."

"ஆமா" என்றார். "போயிருப்பேன். செருப்பு மாட்டினுதான் உங்களுக்கு ஃபோனு பண்ணேன்."

சுவரில் உன் படம். மாலை காய்ந்திருந்தது. அவர் தொடர்ந்தார்.

"ஒரு வருசமா காத்துனு கீறேன் பாவுஜி. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு. ஒவ்வொரு வாட்டியும் வந்து பழம் குடுத்துட்டுப் போறீங்க. எத்தினி ஆப்பிளு திம்பேன் நானு?"

நான் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய், செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து என் முன்னால் கவிழ்த்தார். சிரப் பாட்டில்கள். ஏழு. சீல் உடைக்காதவை.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கச்சொல்ல கெடச்சுது. தெனம் குடிச்சேன் குடிச்சேன்னு சொல்லிச்சே, அது. மொதல்ல புதன், வியாழன் ரெண்டு நாளு மட்டும்தான் வேணாம்னுச்சு. நாந்தான் சரின்னேன். அத்தக் குடிச்சா பத்து வாட்டி போவணும். பஸ்ல கேம்ப் வர முடியாதில்ல? அப்புறம் மொத்தமா வுட்டுட்டுச்சு போல."

உன்னை என்ன செய்வது? என்னைப் பார்க்க வருவதற்காக நிறுத்தினாயா? நான் கேட்டேனா? ஒரு வியாழக்கிழமை "நீ இங்கே வா" என்று சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்க மாட்டேனா? பத்து முறை கக்கூஸ் போவதை என்னிடம் சொல்ல வெட்கமா, எலியின் மூளையை என்னோடு சேர்ந்து முப்பதாயிரம் தடவை கழுவிய உனக்கு? என்னை டர்போக் என்றாயே!

இதையெல்லாம் நான் நேற்று அங்கே சொல்லவில்லை. குனிந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, காலாவதி மாதத்தைப் படித்து, வரிசையாக வைக்கத் தொடங்கினேன். என் கை எப்போதும் செய்வது அதுதானே.

வஹினி என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினார். "எழுதுனதெல்லாம் படிக்கத் தேவல பாவுஜி. டைரிய மூடுங்க. மூடுங்கன்றேன்! நிமிந்து என்னப் பாருங்க. நா எப்டி கீறேன்? சொல்லுங்க."

நிமிர்ந்தேன். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் முகத்தை அத்தனை நேரம் நேராகப் பார்த்தது நேற்றுதான். கன்னம் ஒட்டியிருந்தது. புடவை தோளில் நிற்கவில்லை. இடது கண் சிவந்து, நாள்பட்ட சிவப்பாக இருந்தது.

"நல்லா இல்ல வஹினி" என்றேன். "ரொம்ப இளைச்சிட்டீங்க. கண்ணு சரியில்ல."

"ஆ" என்றார். "இத்த டைரில எழுதிக்கினு வூட்டுக்குப் போங்க."

போகவில்லை. பயம் இருந்தது; இருந்தும் போகவில்லை. கண்ணுக்கு யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இப்போதே போகலாம், செருப்பை மாட்டுங்கள் என்றேன். என்னை வெறித்துப் பார்த்தார். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். போகும்போதும் வரும்போதும் ஆட்டோவில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பியே உட்கார்ந்திருந்தார். என்னை மன்னித்ததாக நினைத்துக்கொள்ளாதே, நானும் நினைக்கவில்லை.

இன்று காலை டைரியைத் திறந்து, நம் ஆய்வக வழக்கப்படி, தவறான பதிவை அழிக்காமல், படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டேன். "ஏற்கத்தக்கதல்ல. திங்கள் மறு சோதனை." மேலே ஒரு கோடு. பக்கத்தில் திருத்தம்: "ஆள் குழம்பியிருந்தார். வியாழக்கிழமையே எனக்குத் தெரியும்." கீழே கையெழுத்து, இன்றைய தேதி. ஒவ்வொரு திருத்தத்துக்கும் சாட்சியாக இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் உன் விதிதான். அந்த இடம் காலியாக இருக்கிறது.

ஏழு பாட்டிலில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மேசையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சீலை உடைத்து ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், தேன் மாதிரிதான் இருக்கிறது. இதையா உன்னால் குடிக்க முடியவில்லை?

வருகிற வியாழக்கிழமை வஹினியைக் கண் டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை பஸ்ஸில் நான்தான் கசார்வாடிக்குப் போகிறேன்.